கிரிவலம் சுற்றும் நேரத்தில் சிங்கப்பூர்!

பட்டிமன்றத் தலைப்பு: விமானம் வந்ததால் உறவுகள் நெருங்கியிருக்கின்றனவா? விலகியிருக்கின்றனவா?
இடம்: கண்டாச்சிபுரம்
'நெருங்கியிருக்கின்றன' அணியின் நிறைவுப் பேச்சு

நடுவர் அவர்களே! பறந்துகொண்டிருந்த விமானத்தை ஒரு மணி நேரமாகக் கல்லெறிந்தே கீழே இறக்கப் பார்த்த எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! கண்டாச்சிபுரத்துப் பெரியவர்களே, தாய்மார்களே! முன் வரிசையிலே வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே!

எதிரணித் தலைவர் எழுந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சிங்கப்பூர் நாலு மணி நேரம்தான்கிறீங்களே, அப்புறம் ஏன் மகன் நாலு வருஷமா வரலே?" அப்படின்னார். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நல்ல கேள்விதான். ஆனா நடுவர் அவர்களே, அந்தக் கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்கணும்? விமானத்தைப் பார்த்தா? மகனைப் பார்த்தா? மகனுக்கு லீவு குடுக்காத முதலாளியைப் பார்த்தா? அதைத்தான் நான் பேச வந்திருக்கேன்.

முதல்லே, தூரம்னா என்னங்க? விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலே போய், "கண்டாச்சிபுரம் எவ்வளவு தூரம்?"னு கேட்டுப் பாருங்க. யாராவது கிலோமீட்டர் கணக்கு சொல்றாங்களா? "ஒரு மணி நேரம் ஆகும், ஏறி உட்காருங்க"ன்னுதான் சொல்வாங்க. கிலோமீட்டர்ங்கிறது ரோட்டு ஓரத்துக் கல்லுக்கு. மனுஷனுக்குத் தூரம்னா நேரம்தான்.

இந்த ஊர் ரோட்டிலே மேற்கே போனா திருவண்ணாமலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நீங்க எல்லாரும் கிரிவலம் போறவங்க. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். நின்னு, கும்பிட்டு, அங்கங்கே உட்கார்ந்து எழுந்து நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்? நாலு மணி நேரம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானத்திலே எவ்வளவு நேரம்? அதே நாலு மணி நேரம்! நீங்க அண்ணாமலையாரைச் சுற்றி முடிச்சு ஒரு சுக்கு காப்பி குடிக்கிற நேரத்துக்குள்ளே, உங்க பையன் சிங்கப்பூர்லே இறங்கிடுறான். (கைதட்டல்)

துபாயும் அப்படித்தான். சிங்கப்பூர் கிழக்கே, துபாய் மேற்கே. நடுவிலே நம்ம சென்னை. இந்தப் பக்கமும் ஏறத்தாழ 2,900, அந்தப் பக்கமும் ஏறத்தாழ 2,900. கடவுளே தராசு பிடிச்சு வச்ச மாதிரி இருக்கு. அதனாலேதான் ஒரே வீட்டிலே பெரியவன் துபாயிலேயும் சின்னவன் சிங்கப்பூர்லேயும் இருக்கான். எந்தப் பக்கமும் தாய்க்கு ஒரே தூரம்!

எதிரணி அம்மா சொன்னாங்க, "அந்தக் காலத்திலே கப்பல்லே போனாங்க, பாசம் இருந்தது"ன்னு. அம்மா, அந்தக் கப்பல் கதையைக் கொஞ்சம் சொல்லட்டுமா?

'ரஜூலா'ன்னு ஒரு கப்பல். 1926-லே கட்டினது. சென்னையிலே புறப்பட்டு, நாகப்பட்டினத்திலே ஆள் ஏத்தி, பினாங்கு வழியா சிங்கப்பூர் போகும். ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அது ஓஞ்ச பிறகு, 1970-களிலே 'சிதம்பரம்'னு இன்னொரு கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியிலே அது நடுக்கடல்லே தீப்பிடிச்சுது. பல பேர் செத்துப் போனாங்க. அதோட அந்தக் கப்பல் போக்குவரத்துக் கதை முடிஞ்சுது.

மேடை ஏறுறதுக்கு முன்னாலே இங்கே ஒரு பெரியவரோட பேசிக்கிட்டிருந்தேன். எண்பது வயசைத் தாண்டினவர். வாலிபத்திலே அதே ரஜூலாவிலே போனவர். "அங்கே போன மூணாம் வருஷம் எங்கம்மா தவறிட்டாங்க"ன்னார். "தந்தி வந்துதா ஐயா?"ன்னேன். "வந்துது. கையிலே வாங்கினேன். அன்னிக்கே கப்பல் இருந்து, அன்னிக்கே ஏறியிருந்தாலும் ஒரு வாரம். கப்பலும் இல்லே, ஏறக் காசும் இல்லே. கருமாதி எந்தத் தேதின்னு மனசிலேயே கணக்குப் போட்டு, அன்னிக்கு நானே தலை முழுகிட்டு வேலைக்குப் போயிட்டேன்"ன்னார். ஊருக்கு அவர் வந்தது அதுக்கப்புறம் ஆறு வருஷம் கழிச்சு. அவர் அழலே, நடுவர் அவர்களே. அழுது முடிச்சவர். "எங்க அம்மா முகம் கடைசியா எப்படி இருந்துச்சுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது"ன்னு மட்டும் சொன்னார்.

பாசம் அப்போ இருந்தது அம்மா! யார் இல்லைன்னது? ஆனா பாசத்தை ஏத்திக்கிட்டு வர வண்டி இல்லையே! (நீண்ட கைதட்டல்)

பேராசிரியர் ஒருத்தர் எதிரணியிலே இருக்கார். அவர் கணக்கு கேட்டார். "விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்திலே போகுது. 2,900-ஐ 900-ஆலே வகுத்தா மூணே கால் மணி நேரம்தானே வருது? ஏன் நாலு மணி நேரம்கிறீங்க?"ன்னார்.

ஐயா, விமானம் பிறந்ததுமே 900-லே ஓடாது. வாசல்லே கதவைச் சாத்தினதும் கணக்கு ஆரம்பிச்சுடுது. அது ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதைக்குப் போகணும். முன்னாலே நாலு விமானம் நின்னா வரிசையிலே நிக்கணும். அப்புறம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் ஏறணும். அதுக்கே இருபது, இருபத்தஞ்சு நிமிஷம். இறங்கும்போது அதே மாதிரி மெதுவா இறங்கணும். கீழே இடம் இல்லேன்னா மேலேயே ஒரு சுத்து சுத்தணும். நம்ம டவுன் பஸ்ஸும் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலேதான் ஓடுது. முப்பது கிலோமீட்டர் போக ஏன் ஒரு மணி நேரம் ஆகுது? நடுவிலே நிறுத்தம் இருக்கு, ஏறணும், இறங்கணும், கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போடணும்! (சிரிப்பு)

இன்னொரு வேடிக்கை. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாலே ஓடுது. ராத்திரி பத்து மணிக்குச் சென்னையிலே ஏறினவன், விடியக்காலை நாலரை மணிக்கு அங்கே இறங்குறான். திரும்பி வரும்போது அங்கே காலையிலே எட்டு மணிக்கு ஏறினா, இங்கே ஒன்பதரைக்கு இறங்குறான். ஒரு பாட்டி கணக்குப் போட்டுச் சொல்லிச்சாம்: "என் பேரன் போகும்போது ஆறரை மணி நேரம் ஆச்சு. வரும்போது ஒன்னரை மணி நேரத்திலே வந்துட்டான். பாட்டி வீட்டுக்கு வர்றோம்னு ஏரோப்பிளானுக்கே தெரிஞ்சு வேகமா ஓட்டிட்டு வந்திருக்கான்!" (பலத்த சிரிப்பு)

பாட்டி கணக்கு தப்பு. பாட்டி மனசு சரி! ஆகாயத்திலே ரெண்டுக்கும் அதே நாலு மணி நேரம்தான்.

சரி, எதிரணி விடலே. "ஆகாயத்திலே நாலு மணி நேரம். வாசல்லேருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம்? அதைச் சொல்லுங்க!"ன்னாங்க. சொல்றேன். கண்டாச்சிபுரத்திலேருந்து விழுப்புரம் ஒரு மணி நேரம். அங்கேருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியா மீனம்பாக்கம் மூணு, மூன்றரை மணி நேரம். விமான நிலையத்துக்கு மூணு மணி நேரம் முன்னாலே வரச் சொல்றான். பறக்கிறது நாலு. அங்கே இறங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி, பெட்டியை எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். ஆகாயத்திலே நாலு, தரையிலே எட்டரை. ஒத்துக்கிறேன்.

ஆனா நடுவர் அவர்களே, சென்னையிலேருந்து கன்னியாகுமரிக்கு ரயில்லே எவ்வளவு நேரம்? பன்னிரண்டு, பதிமூணு மணி நேரம். கன்னியாகுமரியிலே வேலை பார்க்கிற மகனை "தூர தேசம் போயிட்டான்"னு யாராவது அழுறோமா? இந்தக் கண்டாச்சிபுரத்துக்கு இன்னிக்குச் சிங்கப்பூரும் கன்னியாகுமரியும் ஒரே தூரம்! (கைதட்டல்) இதுக்கு மேலே நெருக்கம் வேணும்னா, சிங்கப்பூரைப் பேத்து எடுத்துவந்து விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்திலேதான் வைக்கணும்!

நடுவர்: வச்சா, இடம் வாங்க நம்ம ஆளுங்க முதல்லே நிப்பாங்க! (சிரிப்பு)

உண்மை ஐயா. இப்போ இன்னும் தூரமா போவோம். லண்டன். சென்னையிலேருந்து ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். பத்துப் பதினோரு மணி நேரம். இதிலே ஒரு அதிசயம். போகும்போது அதிக நேரம், வரும்போது குறைஞ்ச நேரம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் வித்தியாசம். ஒருத்தர் என்கிட்டே விளக்கம் சொன்னார்: "பூமி சுத்துதுல்ல, அதனாலே"ன்னார். அப்படின்னா எதுக்குப் பறக்கணும்? மேலே போய்ச் சும்மா நின்னா போதுமே! லண்டன் தானா கீழே வந்துடுமே! (சிரிப்பு)

காரணம் காற்று. பூமியோட காற்றும் சேர்ந்துதான் சுத்துது. ஆனா பத்து கிலோமீட்டர் உயரத்திலே மேற்கிலேருந்து கிழக்கா ஒரு காற்று ஆறு ஓடுது. ஜெட் காற்றோட்டம்னு சொல்றாங்க. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம், சில நாள் அதுக்கும் மேலே. மேற்கே போகிற விமானம் எதிர்நீச்சல் போடுது. கிழக்கே வர்ற விமானத்தை அந்த ஆறே தூக்கிவந்து விடுது.

இதை வச்சு நம்ம ஏர் இந்தியா ஒரு காரியம் செஞ்சது. டில்லியிலேருந்து அமெரிக்காவிலே இருக்கிற சான் பிரான்சிஸ்கோவுக்கு முதல்லே மேற்கு வழியா, அட்லாண்டிக் பக்கமா போய்க்கிட்டிருந்தாங்க. ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபர்லே திசையை மாத்தி, கிழக்கே பசிபிக் கடல் மேலே போனாங்க. அது 15,300 கிலோமீட்டர். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல். நேரம் கூடிச்சா? குறைஞ்சது! பதினாலரை மணி நேரத்திலே போய்ச் சேர்ந்துட்டாங்க. பழைய வழியைவிட ஏறத்தாழ ரெண்டு மணி நேரம் மிச்சம்!

இதைத்தான் எதிரணியினர் யோசிக்கணும். வழி நீளமா இருந்தாலும், காற்று கூட வந்தா சீக்கிரம் சேரலாம். குடும்பத்துக்கும் அதே கணக்குத்தான். மனசு கூட வந்தா அமெரிக்கா கிட்டே. மனசு எதிர்க்காத்தா அடிச்சா, அடுத்த தெருவிலே இருக்கிற அண்ணன் வீடு எட்டாத தூரம்! (நீண்ட கைதட்டல்)

பொம்பளைப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பவே தயங்கின நாடு இது. 2021 ஜனவரியிலே, சான் பிரான்சிஸ்கோவிலேருந்து பெங்களூருக்கு ஒரு விமானம் வந்தது. ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். பதினேழு மணி நேரம். வடதுருவத்துக்கு மேலே பறந்து வந்தது. ஓட்டிவந்த விமானிகள் அத்தனை பேரும் பெண்கள்! தலைமை விமானி ஜோயா அகர்வால். ஏன் வடதுருவம் வழியா வரணும்? சுவத்திலே மாட்டின தட்டையான படத்தைப் பார்த்தா புரியாது. வீட்டுக்குப் போய் ஒரு பந்து எடுத்து, ரெண்டு ஊருக்கும் புள்ளி வச்சு, ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க. நூல் தானாவே மேலே ஏறி, உச்சி வழியா போகும். உருண்டை மேலே அதுதான் குறுக்கு வழி. அந்தக் குறுக்கு வழியைக் காட்டினது நம்ம வீட்டுப் பெண்கள்! (கைதட்டல்)

இப்போ எதிரணியோட பெரிய ஆயுதத்துக்கு வர்றேன். "விமானம் இருக்குங்கிற தைரியத்திலேதான் பிள்ளைங்க தள்ளிப் போடுறாங்க. எப்போ வேணும்னாலும் வரலாம்னு நினைச்சு, எப்பவுமே வர்றதில்லே"ன்னாங்க. இதிலே உண்மை இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா தூரத்தைக் கூட்டுறது யாருன்னு பாருங்க. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியிலேருந்து ஜப்பான் தலைநகர் டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்திலே போய்க்கிட்டிருந்தாங்க. 2022-லே உக்ரைன் போர் வந்தது. ரஷ்யா தன் ஆகாயத்தை மூடிச்சு. அதே ரெண்டு ஊர், அதே விமானம், பதிமூணு மணி நேரம் ஆச்சு. 2025 ஏப்ரல்லே பாகிஸ்தான் நம்ம விமானங்களுக்கு ஆகாயத்தை மூடிச்சு. டில்லியிலேருந்து மேற்கே போற விமானங்கள் சுத்திப் போக வேண்டி வந்தது. ஊர் நகர்ந்துச்சா? கடல் பெருசாச்சா? இல்லே. மனுஷனுக்கு மனுஷன் பகை. தூரம் கூடிப் போச்சு.

அதே மாதிரிதான் நம்ம பிள்ளைங்க கதையும். இந்தச் சுத்துவட்டாரத்துத் தம்பி ஒருத்தன் வெளிநாட்டிலே கட்டட வேலை பார்க்கிறான்னு வச்சுக்குங்க. ஏஜெண்டுக்குக் குடுக்க வட்டிக்கு வாங்கின பணம் முதல் ரெண்டு வருஷச் சம்பளத்தைத் தின்னுடும். ஒப்பந்தம் முடியற வரைக்கும் லீவு இல்லே. சில இடத்திலே பாஸ்போர்ட்டையே முதலாளி வாங்கி வச்சுக்கிறான். அந்தப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நடுவிலே இருக்கிறது நாலு மணி நேரம் இல்லைங்க. ஒரு கடன் பத்திரம், ஒரு லீவுக் கடிதம், ஒரு டிக்கெட் காசு. விமானம் கடலைத் தாண்டிடுச்சு. கடனைத் தாண்டுறதுக்கு விமானத்தாலே முடியுமா? அதை விமானத்தோட குத்தம்னு சொல்லலாமா?

"விமானத்தாலே நெருங்கலே"ங்கிறவங்களுக்கு ஒரு நாளை ஞாபகப்படுத்துறேன். 2020 மார்ச் 23. கொரோனாவுக்காக வெளிநாட்டு விமானங்களை நிறுத்தின நாள். வழக்கமான போக்குவரத்து மறுபடி தொடங்கினது 2022 மார்ச் 27. நடுவிலே மீட்பு விமானம்னு, சிறப்பு விமானம்னு கொஞ்சம் பறந்தது. ஆனா அந்த முதல் சில மாசம் இருக்கே! அப்பா இங்கே கிடத்தியிருக்கார். மகன் அங்கே ஒரு அறையிலே செல்போனைக் கையிலே பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இங்கே யாரோ ஒருத்தர் போனைத் தூக்கிப் பிடிக்கிறார். கொள்ளி வைக்க வேண்டியவன் திரையிலே கும்பிடுறான். சிக்னல் போயிடுது. எத்தனை வீட்டிலே நடந்தது! ரஜூலாவிலே போன பெரியவருக்கு நடந்தது, அறுபது வருஷம் கழிச்சு நம்ம பிள்ளைகளுக்கும் நடந்தது. செல்போன் இருந்தது, பணம் இருந்தது, பாசம் இருந்தது. இல்லாதது விமானம் ஒண்ணுதான்! அது நின்ன அன்னிக்குத்தான், அது அதுவரைக்கும் நமக்கு என்ன செஞ்சுக்கிட்டிருந்ததுன்னு தெரிஞ்சுது.

(அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

நடுவர் அவர்களே, இது கம்பர் காலடி பட்ட பக்கம். கம்பரை ஆதரிச்ச சடையப்ப வள்ளலோட திருவெண்ணெய்நல்லூர் இதே மாவட்டத்திலேதான் இருக்கு. அந்தக் கம்பர் காட்டின விமானத்தைச் சொல்லிடுறேன். பதினாலு வருஷம் முடியுது. நந்திக்கிராமத்திலே பரதன் காத்திருக்கான். "அண்ணன் வரலேன்னா தீயிலே இறங்கிடுவேன்"னு தீ மூட்டிட்டான். ராமன் இலங்கையிலேருந்து புஷ்பக விமானத்திலே வர்றான். வழியிலே பரத்துவாச முனிவர் விருந்துக்குக் கூப்பிடுறார். தட்ட முடியலே. ராமன் என்ன செஞ்சான்? "சாப்பிட்டுட்டு வர்றேன், விமானம்தான் இருக்கே"ன்னு இருந்துட்டானா? இல்லே. அனுமனை முன்னாலே அனுப்பினான். "நான் வந்துக்கிட்டிருக்கேன்னு தம்பிகிட்டே போய்ச் சொல்லு"ன்னான். அனுமன் போனான். பரதன் பிழைச்சான். விமானம் பின்னாலே வந்தது, சொல் முன்னாலே வந்தது.

வெளிநாட்டிலே இருக்கிற பிள்ளைகள் இந்த நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியிலே பார்ப்பாங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தை. தம்பிகளா, தங்கச்சிகளா, ஐஸ் பெட்டியிலே அப்பாவை வச்சுட்டு, "பையன் ஃபிளைட் ஏறிட்டானாம், மூணு மணிக்கு எடுத்துடலாம்"னு ஊர் காத்துக்கிட்டிருக்கிற மாதிரி ஒரு தடவை வராதீங்கன்னு நான் சொல்லலே. அப்படி ஒரு தடவை வரத்தான் வேணும். அப்படி வர முடியுதேன்னு அந்த விமானத்துக்கு நன்றி சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாலே நாலு தடவை வாங்க. அப்பா எழுந்து வாசலுக்கு வந்து, "ஏம்பா, இளைச்சுட்டியே"ன்னு சொல்ற காலத்திலே வாங்க. லீவு கிடைக்கலேன்னா அனுமன் மாதிரி ஒரு சொல்லையாவது முன்னாலே அனுப்புங்க. எந்த மாசம் வர்றேன்னு ஒரு தேதி சொல்லுங்க. அந்தத் தேதியைக் காலண்டர்லே வட்டம் போட்டு வச்சுக்கிட்டு ஒரு தாய் ஒரு வருஷம் கூடத் தெம்பா இருப்பா.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. வர்ற பிள்ளைகிட்டே, "என்ன வாங்கிட்டு வந்தே"ன்னு பெட்டியைப் பார்க்காதீங்க. பெட்டிக்குப் பயந்தே வராத பிள்ளைங்க இருக்காங்க! (சிரிப்பு, கைதட்டல்)

ஒரு வாரத்தை நாலு மணி நேரமா ஆக்கினது விமானம். வடதுருவத்தைக் குறுக்கு வழியா ஆக்கினது விமானம். கடைசி முகத்தைக் காட்டிக் கொடுக்கிறது விமானம். அது தன் பங்குத் தூரத்தைக் குறைச்சுடுச்சு. மிச்சம் இருக்கிற தூரம் லீவுக் கடிதத்திலேயும் கடன் பத்திரத்திலேயும் நம்ம மனசிலேயும் இருக்கு. அதைக் குறைக்க வேண்டியது நாம.

எனவே, விமானத்தால் உறவுகள் நெருங்கியிருக்கின்றன, நெருங்கியே இருக்கின்றன என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.